ஒழுகிய நாவல் மரம்

ஒரு காட்டில் செவந்தி என்று ஓர் அணில் இருந்தாள். வாயைத் திறந்தால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கு எப்போதும் பயம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். "வீடு எங்கே?" என்று கேட்டால்கூட, நாவல் மரம் என்று சொன்னால் போதுமா, மூன்றாவது கிளை என்றும் சொல்ல வேண்டுமா என்று வாலைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் தண்ணீர்ச் சிக்கன அலுவலகம் திறந்தார்கள். அதிகாரியாக உடும்பு வந்தார். வந்ததும் நாவல் மரத்துக் கிளை ஒன்றில் பிளாஸ்டிக் பையை மாட்டி, வாயை இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் பார்த்தால் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர்!

"என்னம்மா, உங்க மரம் ஒழுகுது?"

"மழையே இல்லீங்களே சார், எப்படி ஒழுகும்?"

"அதைத்தான் பாரம் ஏழுல எழுதிக் கொடுங்க. பதினைஞ்சு நாள்ல ஒழுகல் நிக்கணும். இல்லேன்னா வெட்டிடுவோம்."

பொந்தில் மூன்று குட்டிகள். செவந்தி ஓடினாள். தேனீக்களிடம் கெஞ்சி மெழுகு வாங்கிவந்து ஒரு கிளையின் இலைகளுக்கெல்லாம் அடிப்பக்கம் பூசினாள். ஒழுகல் நின்றது. நாலாம் நாள் அந்த இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின.

"அடி பைத்தியமே!" என்றது நாவல் மரம். "இலை வழியா ஆவியாப் போனாத்தான்டி வேர்லேருந்து தண்ணி மேலே ஏறும். என்கிட்ட மோட்டாரா இருக்கு? இந்தக் குளுமையும் அதனாலதான். இலையை அடைச்சா நான் செத்தேன்."

"ஐயோ, இதைப் பாரத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று அழுதாள் செவந்தி.

பதினைந்தாம் நாள் உச்சி வெயிலில் உடும்பு ரம்பத்தோடு வந்தார்.

"எதிர்ல இருக்கிற வாகையைப் பாருங்க. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. சிறந்த மரம்னு விருது கொடுத்திருக்கோம்."

"அது செத்து மூணு வருஷம் ஆச்சுங்க சார்."

"இருக்கட்டும். விதியை மதிக்குதில்ல?"

செவந்தி பாரத்தை நீட்டவில்லை. எழுதினால் தப்பாகிவிடும். ஒரு நாற்காலியை இழுத்து நாவல் நிழலில் போட்டாள். "வெட்டற உத்தரவை உக்காந்து எழுதுங்க சார்."

உட்கார்ந்தவர் இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் குறட்டை விட்டார். பொழுது சாயும்போது கண்விழித்து, "காடே கொதிக்குது, இங்கே மட்டும் எப்படிம்மா ஜில்லுன்னு இருக்கு?" என்றார்.

"இது உங்க அலுவலகம் ஆச்சே சார்!"

"அலுவலகமா?"

"நீங்க உக்காந்து கையெழுத்துப் போடற இடம் வேற என்னவாம்?"

உடும்பு யோசித்தார். அலுவலகத்தை வெட்ட எந்த விதியிலும் இடமில்லை. மறுநாளே பலகை மாட்டிவிட்டார்.

மரம் முன்போலவே ஒழுகுகிறது. நிழல் நகர நகர, அதிகாரி விழித்துக்கொள்ளாமல் நாற்காலியை நகர்த்துவதுதான் இப்போது செவந்தியின் வேலை.

நீதி: உண்மையைச் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை, நாற்காலி போடத் தெரிந்தால் போதும்.