சிவப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விவகாரம்

கோவில்பட்டி,
14-6-1958, சனிக்கிழமை.

கயத்தாறு மச்சான் பிச்சை முகம்மது அவர்களுக்கு, அல்லாபிச்சை ஸலாம் கூறி எழுதுவது. தங்கள் தங்கை அமீனா பீவியும் மகன் சுல்தானும் நானும் இங்கே சுகம். என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் சுகமில்லை. அங்கே தாங்களும் தங்கை நூருன்னிசாவும் மருமகள் பதருன்னிசாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். மருமகள் என்றுதான் எழுதுவேன். முறைக்கும் அதுதான், எங்கள் ஆசைக்கும் அதுதான்.

தாங்கள் சொல்லியனுப்பிய சேதியைக் கண்டக்டர் சாமித்துரை இன்று காலை கொண்டுவந்து சேர்த்தார். "அந்த வீட்டுப் பெரிய மனுசனுக்கு மொதல்ல புத்தி தெளியட்டும், பொறவு கல்யாணப் பேச்சை எடுப்போம்" என்பதை என் ஜவுளிக்கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, படியில் தொங்கிக்கொண்டு, பஸ் நிறைய ஆள் இருக்கும்போது சொன்னார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. மச்சான், நேற்று தாங்கள் பார்த்தது உண்மை. சுல்தான் வேலை பார்க்கும் ஒர்க் ஷாப் வாசலில் நான் ஒரு சிவப்புக் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதும் உண்மை, என் இடுப்புச் சாரம் அவிழ்ந்து காலடியில் கிடந்ததும் உண்மை, அதை நான் குனிந்து எடுக்காததும் உண்மை. ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பஸ் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் ஜன்னல் வழியா வாயைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, இறங்கி வந்து கேட்டா குறைஞ்சா போயிருவீங்க?

நடந்ததைச் சொல்கிறேன். பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளி வேணுகோபாலிடம் ஒரு பந்தயக் கார் இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. கூரை கிடையாது, இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது, பாயில் உட்காருவது போலக் காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். இதை எப்போதும்வென்றான் ஊருக்குப் போகிற பாதையில் ஓட்டிப் போனவர், கொம்பையா கோனார் மந்தை குறுக்கே வரவும், ஒதுங்கப் பார்த்துக் கருவேல மரத்தில் கொண்டு சார்த்திவிட்டார். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. மட்கார்டு, பானெட், கதவு எல்லாவற்றையும் கழற்றி மதுரைக்கு அனுப்பி, ஒடுக்கெடுத்து, பெயிண்ட் அடித்து, கம்பளியில் சுற்றி லாரியில் ஒர்க் ஷாப்புக்கு வரவழைத்தார். முதலாளி சுல்தானைக் கூப்பிட்டு, "ஒரு கீறல் இல்லாம மாட்டிக் குடுத்துட்டேன்னா, நம்ம பாக்டரி வண்டி அத்தனையும் இனிமே உன் பொறுப்புதான்" என்று சொல்லிவிட்டார். தாங்கள்தானே மச்சான், சொந்தக் காலில் நிற்கிற பையனுக்குத்தான் பெண் என்று சொன்னது? அந்தக் கால் இந்தக் காரில்தான் இருந்தது.

சுல்தான் பண்ணின ஆர்ப்பாட்டத்தைக் கேளுங்கள். கரிசல் தூசி பறக்கக் கூடாது என்று ஷெட் முழுக்கத் தண்ணீர் தெளித்தான். ஸ்பேனருக்கெல்லாம் துணி சுற்றினான், துணி என் கடையில் கிழித்தது, அதுவும் நல்ல பிளானல். மோதிரம், கைக்கடிகாரம் போட்டவன் எவனும் கிட்டே வரக் கூடாது. சோறு கொண்டு வந்த தங்கள் தங்கையையே, "உம்மா, வளையலோட இங்கன வராதீங்க" என்று தடுத்துவிட்டான். அவள் தூக்குச்சட்டியை ரோட்டில் வைத்துவிட்டு அழாத குறையாகத் திரும்பிப் போனாள். முதலில் எல்லா போல்ட்டையும் கையாலேயே லேசாகத் திருகி வைப்பானாம். பிறகு தீக்குச்சி ஒன்றை எடுத்து இடுக்கில் விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பார்ப்பானாம். எங்கும் சிக்காமல் ஓடினால்தான் முடுக்குவானாம். நம்ம ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்? மட்கார்டும் பானெட்டும் அழகாக உட்கார்ந்துவிட்டன.

கதவுக்குத்தான் இரண்டு ஆள் வேண்டும். கூட வேலை பார்க்கிற கிட்டுவுக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். என்னைக் கூப்பிட்டான். பக்கத்தில் போனதும், "வாப்பா, பெல்ட்டைக் கழத்துங்க, கொக்கி பட்டுரும்" என்றான். கொழும்பிலிருந்து தாங்கள் வாங்கி வந்து என் இடுப்பில் கட்டிவிட்ட அதே பச்சை பெல்ட்தான் மச்சான், நான் சாரம் கட்டுவது அதை நம்பித்தான். கழற்றி வைத்தேன். கதவைத் தூக்கி நெஞ்சோடு பிடித்தேன். அவன் உள்ளே குனிந்து கீலில் போல்ட்டை மாட்டுகிறான். அந்த நேரம் பார்த்து இடுப்பில் ஒரு தளர்ச்சி.

"ஏலே சுல்தான், சாரம் இறங்குதுலே."

"அசையாதீங்க வாப்பா! கீழ்க் கீல் இன்னும் மாட்டல. மயிரிழை அசைஞ்சாலும் பெயிண்ட் போயிரும்."

"எனக்கு மானம் போவுதுலே!"

"கதவை மட்டும் விட்டுராதீங்க வாப்பா."

அப்போதுதான் உங்கள் பஸ் வந்து நின்றது. "ஏ அண்ணாச்சி, சாரம்! சாரம்!" என்று பஸ்ஸே கத்துகிறது. எனக்குத் தெரியாதா? முட்டி வரைக்கும் கோடு போட்ட கால்சட்டை உள்ளே போட்டிருந்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஜன்னலில் உங்க முகத்தைப் பார்த்தேன் மச்சான். கையைத் தூக்கி ஸலாம் சொல்ல முடியாம போச்சு, அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கேன், வேற எதுக்கும் இல்லை. ஒரு கையை எடுத்திருந்தா சாரம் நின்னிருக்கும், பையன் பிழைப்பு விழுந்திருக்கும். எதைப் பிடிப்பேன் நான்? நீங்களும் ஒரு பிள்ளையைப் பெத்தவர்தானே!

கதவு மாட்டியாயிற்று. தீக்குச்சி சுற்றிலும் ஓடுகிறது. காரில் ஒரு கீறல் கிடையாது. இன்று சாயந்தரம் முதலாளி வந்து பார்க்கிறார். ஆகையால் தாங்கள் கோபத்தை ஆற்றிக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டியது. தங்கைக்கு ஸலாம். மருமகளுக்கு எங்கள் துஆ.

இப்படிக்கு,
புத்தி தெளிவாகவே இருக்கும்
அல்லாபிச்சை.

பின்குறிப்பு: மேலே கண்டதை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய் சுல்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கீறல் கிடையாது என்ற இடம் வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நேத்து இப்படித்தானேலே பிடிச்சுக்கிட்டு நின்னேன்!" என்று கதவைக் கட்டிப் பிடித்தே காட்டிவிட்டேன். பெல்ட் இடுப்பில் இருந்தது. விரல் நீளத்துக்குக் கீறல். திரும்பினால் முதலாளி நிற்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்னே, "என் கைதான் தவறிட்டு முதலாளி" என்றான் பையன். பெற்றவனைக் காட்டிக் கொடுக்கவில்லை மச்சான், எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி கீறலைப் பார்த்தார், என் பெல்ட்டைப் பார்த்தார். "கதவை மறுபடி மதுரைக்கு அனுப்பு சுல்தான். வந்ததும் நீயே மாட்டு, வண்டியெல்லாம் உன் பொறுப்புதான். ஆனா அன்னைக்கு உங்க வாப்பா இந்த ஊர்ல இருக்கக் கூடாது" என்றார். ஆகவே அன்று நான் கயத்தாறு வந்து தங்கள் வீட்டில் தங்குகிறேன், அப்படியே நாளும் குறித்துவிடலாம். பெல்ட்டை இந்தக் கடிதத்தோடு சாமித்துரையிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இனி அது இந்த ஊரில் இருப்பது ஆபத்து. சாரத்தைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். பெண்ணைக் கொடுக்கிற அன்று பெல்ட்டையும் கொடுத்தால் போதும்.