தூவாவின் புரதமும் நான் எழுந்து கேட்ட கேள்வியும்

உப்சாலா,
மே மாதம், மழை நாள்.

அன்பும் மரியாதையும் நிறைந்த குன்வோர் அக்காவுக்குத் தம்பி ஸ்டூரே எழுதிக்கொள்வது. இங்கு நானும் கெர்ட்ரூட்டும் சுகம். கிருனாவில் பனியும் உன் முழங்கால் வலியும் இதற்குள் இளகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. நம் தூவா டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். வாங்கவிடாமல் கெடுக்கப் பார்த்தது நான்தான் என்று கெர்ட்ரூட் உனக்குப் போன் செய்வாள். அதற்கு முன் உண்மையை எழுதிவிடுகிறேன்.

முதலில் ஆணி. தேர்வுக்கு முன் ஆராய்ச்சிப் புத்தகத்தைப் பல்கலைக்கழகத்துப் பலகையில் ஆணியடித்து மாட்டுவது இங்கே வழக்கமாம். "என் ஆராய்ச்சிப் புத்தகத்தை நீங்களே பலகையில அடிச்சு மாட்டுங்க அப்பா" என்றாள். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கையல்லவா, கொஞ்சம் ஓங்கி அடித்துவிட்டேன். பலகையே பெயர்ந்து, மற்றவர்களின் புத்தகங்களோடு கீழே வந்தது. அது போகட்டும்.

பிறகு தேர்வு நாள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு அம்மாள் அவளைக் கேள்வியால் துளைத்தார். விஷயம் என்னன்னா அக்கா, நம்ம உடம்புல செல்லுக்குச் செல் குரோமோசோம்னு நூல்கண்டு மாதிரி இருக்கு, அதுல எல்லா ஜீனும் இருக்கு, அத்தனையும் ஒரேயடியா வேலை செஞ்சா உடம்பு தாங்காது, அதனால சில புரதங்கள் அதுமேல போய் ஒட்டிக்கிட்டு, எது வேலை செய்யணும், எது சும்மா கிடக்கணும்னு பார்த்துக்குது. தூவாவோட புரதம் ஈரல்ல ஒரு ஜீனை இறுக்கி மூடிடும். இதை நான் நீராவிக் குளியலுக்கு வர்ற சிநேகிதங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.

கடைசியில "சபையில யாருக்காவது கேள்வி உண்டா?"ன்னாங்க. யாரும் கேட்கிறதே இல்லையாம். எனக்கு எப்படித் தெரியும்? எழுந்துட்டேன்.

"பல்லு முளைக்க வைக்கிற ஜீன் கண்ணுலயும் இருக்கில்ல? அப்புறம் ஏன் கண்ணுல பல்லு முளைக்கல?"

கெர்ட்ரூட் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "உட்காருங்க, மானம் போகுது!"

தூவா காது சிவந்துபோச்சு. "அங்க அது மூடியிருக்கு அப்பா."

"யாரு மூடினா?"

"வேற புரதங்க, அப்பா."

"அதுங்க எழுந்து போயிட்டா?"

"அப்பா, உட்காருங்க!"

தேர்வுக் குழு முடிவு பண்ண உள்ள போச்சு. நாங்க ரெண்டு காபி குடிச்சும் கதவு திறக்கல. "உங்க பல்லு என் பொண்ணைக் கவுத்துடுச்சு"ன்னு கெர்ட்ரூட் அழுதா. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போயி, "கேள்வி என்னுது, தண்டனையை எனக்குக் குடுங்க!"ன்னு கத்தினேன். உள்ள பார்த்தா எல்லாரும் மேஜைக்கடியில தவழ்ந்துக்கிட்டிருக்காங்க. மிட்டாயைக் கடிச்சதுல குழுத் தலைவரோட பொய்ப்பல்லு கழண்டு உருண்டுபோச்சாம்.

"அவ எப்பவோ பாஸ்!" என்றார் டென்மார்க் அம்மாள், தலையை நிமிர்த்தாமலே. "வந்ததுதான் வந்தீங்க, அந்த ஓரத்துல தேடுங்க."

நான்தான் கண்டெடுத்தேன்.

மச்சானுக்கு என் அன்பு. உன் முழங்காலும் மனமும் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டாக்டரின் அப்பா, ஸ்டூரே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தூவா இதைப் படித்துவிட்டாள். அவளுடைய புரதம் ஜீனை மூடுவதில்லையாம், திறந்துவிடுகிறதாம். ஆகவே மேலே எழுதியதை நம்பாதே, யாரிடமும் சொல்லாதே. "இத்தனை வருஷமா நான் சொன்னதுல எதைத்தான் காதுல வாங்கினீங்க?" என்று கேட்கிறாள். சாப்பிட்டாளா, இல்லையா என்பதை மட்டும் ஒரு நாள்கூடக் கேட்காமல் விட்டதில்லை, அக்கா.