பூச்சிதின்னிச் செடிக்கு நானே தொட்டி மாற்றிய விவரம்

என் அக்கா பெற்ற மகளும், இந்தக் குடும்பத்தில் என்னை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்த முதல் ஆளுமான என் மருமகளுக்கு, உன் பேட்டரி மாமா நிறைந்த மனதோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். உன் பூச்சிதின்னிச் செடியும் சுகம். அத்தையின் ரோஜாச் செடி மட்டும் சுகமில்லை. அதற்கான காரணத்தை உரிய இடத்தில் எழுதுகிறேன், அதற்குள் அவசரப்பட்டு அவளுக்குப் போன் போடாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து செடியை எடுத்துப்போய் உன் கையாலேயே வேறு தொட்டிக்கு மாற்றப்போவதாக அத்தையிடம் சொன்னாயாம். உனக்கு அந்தச் சிரமம் வேண்டாம். மாற்றியாகிவிட்டது. நான்தான் மாற்றினேன். இதை நீ முதல் வேலையாக உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். நீ பயிற்சிக்காக வெளியூர் கிளம்பிய அன்று அவள் என் பேட்டரிக் கடை வாசலில் நின்று, வாடிக்கையாளர்கள் காது கேட்க என்ன சொன்னாள் என்பது உனக்கு மறந்திருக்காது. "இவன்கிட்டயாடி குடுக்கற? இவன் வளர்த்த மீனு தண்ணியில மூழ்கியே செத்துச்சு." வேன் ஓட்டுகிற என் சிநேகிதன், ஊரே ஹாரன் என்று கூப்பிடுகிறவன், அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவன் வண்டி பேட்டரி தானாகவே சார்ஜ் ஏறியிருக்கும். அந்த நிமிடமே முடிவு செய்தேன். இந்தச் செடி என் கையில் உயிரோடு இருக்கும், வளரும், என் அக்கா அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

நீ சொல்லிவிட்டுப் போன விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். குழாய்த் தண்ணீர் கூடாது, இறைச்சி கூடாது, பூச்சி பிடிக்கிற இலை வாயைத் தொடக் கூடாது. தண்ணீர் விஷயத்தில் உன் செடி கொடுத்து வைத்தது, ஏனென்றால் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் என் கடையில் கேன் கேனாக இருக்கிறது, அதைவிடச் சுத்தமான தண்ணீரை எந்த ராஜாவும் குடித்திருக்க மாட்டான். இறைச்சியும் போடவில்லை, அவித்த முட்டையில் ஒரு துணுக்குதான், அதுவும் ஒரே ஒரு தடவை, அந்த வாய் அழுகி உதிர்ந்தபிறகு எங்கள் இருவருக்குமே அதில் ஆர்வம் போய்விட்டது. தொடக் கூடாது என்பதை மட்டும் நான் அதிகம் தொடக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். கல்லாப்பெட்டி பக்கத்தில் இப்படி ஒரு அதிசயத்தை வைத்துக்கொண்டு, "அண்ணே, நிஜமாவே மூடுமா?" என்று கேட்கிற மனுஷனை எப்படி வெறுங்கையோடு அனுப்புவது? மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற மயிரை இரண்டு தடவை தடவினால் டப்பென்று மூடிக்கொள்ளும். ஊரே திரண்டது. மீட்டர் ஒயரை வைத்தும் பார்த்தேன், முள் ஆடியது, ஒரு ஸ்கூட்டரைக் கிளப்புகிற அளவுக்கு அதில் மின்சாரம் ஓடுகிறது. ஆடியது முள் இல்லை, என் கைதான் என்கிறான் ஹாரன். அவனுக்கு அறிவியல் வராது.

பிறகு வாய்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. நான் பேட்டரி இறங்கிவிட்டது என்று கணித்தேன். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நாள் பூரா உங்களை இத்தனை பேரு வாயைத் திறந்து மூடச் சொன்னா என்னாவீங்க?"

"அதைத்தானே நான் தினமும் பண்றேன்."

"உங்களுக்கு அதுல பொழைப்பு ஓடுது. பாவம், அதுக்கு ஒரு ஈயாவது கிடைச்சுதா?"

குளிர் வந்ததும் மிச்சம் இருந்ததும் சுருங்கிப்போய்த் தரையோடு ஒட்டிக்கொண்டது. நான் பயந்தேன் என்று அத்தை உன்னிடம் சொல்லியிருப்பாள். பயம் இல்லை அது, அக்கறை. போன வாரம் அவள் உனக்குப் போன் போட்டபோதுதான் விளங்கியது, குளிரில் அது தூங்குமாம், தூக்கம் கலைந்து புதுத் துளிர் கிளம்புவதற்குச் சற்று முன்னால்தான் தொட்டி மாற்ற வேண்டுமாம், அடி மண் கூழாகித் தண்ணீர் இறங்காமல் நின்றால் கட்டாயம் மாற்றியே ஆக வேண்டுமாம். நான் உடனே தொட்டியை முகர்ந்து பார்த்தேன். பழைய பேட்டரியைத் திறந்தால் அடியில் கசடு நிற்குமே, அதே நிலைமை. கசடு சேர்ந்த பேட்டரியை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போட்ட சரித்திரம் என் கடையில் இல்லை.

நர்சரிக்கார அம்மாவிடம் போய் இருப்பதிலேயே சத்தான உரமண்ணைச் சுமக்க முடியாமல் சுமந்து வந்தேன். அத்தை மூட்டையைப் பிரிக்கவே விடவில்லை. "சத்து மண்ணு போட்டா வேரு கருகிடுமாம். மண்ணுல சத்து இல்லாமதான் அது பூச்சி பிடிக்கவே கத்துக்கிச்சாம். புளிப்பு மண்ணுதான் வேணுமாம், உங்க மருமக சொன்னா." புளிப்பு என்றால் அமிலம். அமிலம் என்றால் யார்? இந்த வட்டாரத்தில் அதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா? கடைக்குப் போய்ப் பேட்டரி ஆசிட் கொஞ்சம் எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து, அடர்த்திமானியை முக்கி அளந்து, குடுவையோடு வந்தேன். ஆனால் நான் ஒன்றும் முட்டாள் இல்லை, நிபுணன் என்பவன் எதையும் முதலில் சோதித்துப் பார்ப்பான். பால்கனியில் அத்தையின் ரோஜாச் செடி நின்றது. சாயங்காலம் அது நிற்கவில்லை. ஒரு ரோஜாவைக் கொடுத்து உன் செடியைக் காப்பாற்றினேன் என்பதுதான் இதில் நீ பார்க்க வேண்டிய விஷயம். அத்தை வேறு விதமாகப் பார்க்கிறாள். இன்னும் பேசவில்லை, பேசுவதையெல்லாம் சுவரிடம் பேசுகிறாள். அவள் சுவரிடம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது, பீட் மாஸ் என்கிற மக்கிய பாசிக்கே இயற்கையாக அந்தப் புளிப்பு இருக்கிறதாம்.

அதன் பிறகு நான் செய்தது தொழில் சுத்தமான வேலை. மண் தொட்டியில் உப்பு இறங்கும் என்பதால் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கழுத்தோடு அறுத்து, பழுக்கக் காய்ச்சிய திருப்புளியால் அடியில் ஓட்டை போட்டேன். வேர் நீளமாக இறங்குமாமே, அதற்கேற்ற உயரம். பாசியையும் பெர்லைட் என்கிற வெள்ளைக் குருணையையும் பேட்டரித் தண்ணீரில் அலசிப் பிழிந்து கலந்தேன். செடியைக் கவிழ்த்து எடுத்தபோது கையில் என்ன இருந்தது தெரியுமா கண்ணு? சின்ன வெங்காயம் மாதிரி ஒரு வெள்ளைக் கிழங்கு, நாலு கறுத்த வேர். அவ்வளவுதான். இத்தனை நாள் ஊரையே கூட்டிய ஆள் இவ்வளவுதானா என்று இருந்தது. கறுத்த வாய்களைக் கத்தரித்து, கிழங்கை நிமிர்த்தி வைத்து, பாசியை விரல் நுனியால் மட்டும் அணைத்துவிட்டேன். பேட்டரி முனையை முறுக்குகிற கை இது, அன்றைக்கு ஒரு வேர்கூட உடையவில்லை. மேலே பச்சை ஏதும் இன்னும் தெரியவில்லை. வரும். வராமல் நான் விடப்போவதில்லை. கடையைத் திறந்ததும் முதல் வெளிச்சம் படுகிற ஜன்னலை அதற்குக் கொடுத்துவிட்டு, மேசையை நான் இருட்டுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா. உன் அம்மாவையும் கையோடு இழுத்து வா. ஹாரனையும் வரச் சொல்லியிருக்கிறேன். எல்லார் முன்னாலும் செடியை உன் கையில் கொடுப்பேன், என் அக்கா வாயிலிருந்து "பரவால்லடா" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அதன்பின் அந்தச் செடியைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, ஒரு சனியன் தொலைந்தது என்று நிம்மதியாக வியாபாரத்தைப் பார்ப்பேன். நீ எடுத்த காரியமெல்லாம் வேர் பிடிக்க வேண்டும், படிப்பும் வேலையும் கிளை விட வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டு, அதை உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கப்போகிற ஹாரனுக்காகக் காத்திருந்தேன். இன்று காலை கடையைத் திறந்தால் கிழங்கின் நடுவில் ஒரு பச்சை. அதன் நுனியில் அரிசி அளவில் ஒரு வாய், பல்லெல்லாம் முளைத்து, இன்னும் திறக்காமல் இருக்கிறது. நான் தொடவில்லை. ஹாரன் கம்பியைத் தேடினான், வெளியே நில் என்று சொல்லிவிட்டேன். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன், சுவரை விட்டுவிட்டு என்னிடமே பேசினாள். எனவே மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வராதே. புதுத் தொட்டியில் வேர் பிடிக்கிற நேரத்தில் செடியை வண்டியில் ஏற்றி இறக்கக் கூடாது. அடுத்த குளிர் போகட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம். அம்மா கேட்டால் செடி என் கையிலேயே செத்துவிட்டது என்று சொல்லிவிடு. அவள் நம்புவாள். பார்க்கவும் வரமாட்டாள்.