ஏழாம் நம்பர் கட்டில்

"அது நீங்கதானுங்க, அந்தக் கட்டில்ல..."

"நா எதுக்கு அம்மணி அங்க போயி..."

"பேச்ச மாத்தாதீங்க. அங்க கெடக்கறது நீங்கதான்."

"பாதி மூஞ்சில ஆக்சிசன் முகமூடி, மீதியில பிளாஸ்திரி. அதுல என்னைய எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மூஞ்சிய ஆருங்க பாத்தது? காலப் பாத்தேன். மோட்டார் உழுந்து கோணிப்போன அந்த ரெண்டாவது வெரலு, கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து என்ற கண்ணு முன்னால ஆடிட்டிருக்குது."

காளிச்சாமி வேட்டி நுனியை இழுத்துக் கால்விரலை மூடிக்கொண்டார். குழந்தையம்மாளுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி ஆனால் பெரியநாயக்கன்பாளையத்தில் தெருவே காலியாகிவிடும். டிவியில் ஆஸ்பத்திரி நாடகம். அதற்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் கதை நடக்கிறது. வாரம் ஒரு பஸ் கவிழும், ஒரு பெண் விஷம் குடிப்பாள், டாக்டர்கள் ஓடிக்கொண்டே காதலிப்பார்கள். இத்தனைக்கும் பின்னால் ஏழாம் நம்பர் கட்டிலில் ஒருவர் நினைவில்லாமல் கிடப்பார். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கேட்பாரில்லை. பெரிய டாக்டர் மட்டும் அவ்வப்போது வந்து நின்று தன் மனக்கஷ்டத்தை அவரிடம் கொட்டிவிட்டுப் போவார்.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நம்ம ஜெனரேட்டர்காரன் சிங்காநல்லூர்ல ஷூட்டிங்குக்கு மிசின் குடுத்திருந்தான். மூடிப்போன ஆஸ்பத்திரி ஒண்ணுல எடுத்துட்டிருந்தாங்க. சும்மா பாக்கப் போனேன். கட்டில் காலியா இருந்துச்சு, சித்த படுத்தேன், தூங்கிப்போட்டேன். முழிச்சுப் பாத்தா டைரக்டர் கையப் புடிச்சுக்கிட்டு, இத்தன வருசத்துல இப்படி அசையாம நடிக்கற ஆளப் பாத்ததில்லைங்கறாரு."

"அது உங்களுக்குக் கைவந்த தொழிலாச்சுங்களே. ரிட்டேர் ஆனதுல இருந்து வேற என்ன பண்றீங்க? அது போகட்டும். மூணு மாசமா புவனா ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு பல்லடம், தாராபுரம்னு அலையறேன்னீங்களே?"

காளிச்சாமி வேட்டி நுனியை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

"தாராபுரத்து வரன் சரியில்லைன்னு வந்து சொன்னீங்களே?"

"கட்டில்ல படுத்துட்டே நெனச்சுப் பாத்தேன். நமக்கு ஒத்து வராதுன்னு தோணுச்சு."

குழந்தையம்மாள் கையில் வெங்காயம் இருந்தது. அதை எறிந்திருப்பாள். அதற்குள் தொலைபேசி மணி அடித்துவிட்டது.

பேசியது சத்தியமங்கலம் கருப்பாத்தாள். தூரத்து உறவு, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற முறை. வாழைக்காய் மண்டி, மாருதி கார், மதன்குமார் என்று ஒரே பையன்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கறீங்களா? வர்ற ஞாயித்துக்கெழம நாங்க குடும்பத்தோட வாரமுங்க. பையனும் வாரான். மொதல்லயே வந்திருக்கோணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

குழந்தையம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "தப்பு என்னங்க இருக்குது? எதுக்கும் ஒரு நேரம் வரோணுமில்லீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "நல்ல மனசுங்க உங்களுக்கு. தைரியமா இருங்க. நாங்கெல்லாம் இருக்கறோம்."

விஷயத்தைக் கேட்ட மகள் புவனா, படித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "எதுக்கு வாராங்கன்னு கேட்டியாம்மா?"

"பொண்ணு வெச்சிருக்கற ஊட்டுக்கு, பையன் வெச்சிருக்கறவங்க குடும்பத்தோட வாரமுன்னா, எதுக்குன்னு கேக்கறதா? கேட்டா நம்மள என்ன நெனப்பாங்க?"

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமில்ல."

"அதெல்லாம் வாய்விட்டுக் கேக்கறது மருவாதி இல்ல கண்ணு. அவங்களும் சொல்ல மாட்டாங்க, நாமளும் கேக்க மாட்டோம். தானா நடக்கும்."

ஒரே ஒரு முள்தான் தொண்டையில் நின்றது. கருப்பாத்தாள் அந்த ஆஸ்பத்திரி நாடகத்தை விடாமல் பார்ப்பவள். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் ஓடுவது கூடத் தெரியாமல் அந்தக் கதையைச் சொன்னவள். சம்பந்தி ஆகப்போகிறவர் நாடகத்தில் கூலிக்குப் படுக்கிற ஆள் என்று தெரிந்தால், வந்த காரை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவாள்.

"மீசய எடுங்க," என்றாள் குழந்தையம்மாள்.

"மீசயயா?"

"நாடகத்துல முகமூடிக்கு அடியில மீச தெரியுது. ஊட்டுல இருக்கற ஆளுக்கு மீச இல்லைன்னா ஆரு சந்தேகப்படுவாங்க?"

மீசை போனது. போன பிறகுதான் அது அத்தனை வருஷமும் முகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

"இப்ப என்னமோ மாதிரி இருக்கறீங்க," என்று குழந்தையம்மாள் முகத்தில் பவுடர் போட்டுவிட்டாள். இன்னும் வெளுத்தது.

அடுத்தது கால்விரல். வீட்டுக்குள் செருப்பு போட முடியாது, ஷூ போட்டால் ஊர் சிரிக்கும். பாதம் முழுக்கத் துணிக்கட்டுப் போட்டு, சுளுக்கு என்று சொல்வதாக முடிவாயிற்று. கட்டு கொஞ்சம் இறுகிவிட்டதில் காளிச்சாமி நிஜமாகவே நொண்டினார்.

கடைசியாக டிவி. வருகிற ஞாயிறோடு நாடகத்தின் முதல் பாகம் முடிகிறது. கருப்பாத்தாள் பதினோரு மணிக்குக் கண்டிப்பாகக் கேட்பாள். குழந்தையம்மாள் மொட்டை மாடிக்குப் போய் ஆன்டெனாவை மலைப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு வந்தாள். படம் முழுக்க மழை பெய்தது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மாருதி கார் வந்து நின்றது. கருப்பாத்தாள் முன்னால் இறங்கினாள். பின்னால் அவள் கணவர் சென்னகேசவன், வணக்கம் வைத்ததோடு வாயை மூடிக்கொண்டார். மதன்குமார் கையில் இரண்டு பைகள் இருந்தன. பூவும் இல்லை, வெற்றிலை பாக்கும் இல்லை. ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ் பாட்டில், ரொட்டிப் பாக்கெட்.

சத்தியமங்கலத்துப் பக்கம் இப்போது இப்படித்தான் போலிருக்கிறது என்று குழந்தையம்மாள் வாங்கி வைத்தாள்.

கருப்பாத்தாள் நேரே காளிச்சாமிக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப எளச்சுப்போயிட்டாருங்களே. மீசயக்கூட எடுத்துப்போட்டாங்களா?"

"வெயிலுக்கு நாந்தானுங்க எடுக்கச் சொன்னேன்."

"கால்ல வேற எறங்கிருச்சுங்களா?"

"சுளுக்குங்க. வெறும் சுளுக்கு."

"நீங்க அப்படித்தானுங்க சொல்லுவீங்க. பொண்ணு வெச்சிருக்கறீங்க, வெளிய சொல்ல முடியுமா? எங்களுக்குப் புரியுதுங்க."

என்ன புரிந்தது என்று குழந்தையம்மாளுக்குப் புரியவில்லை. கேட்பது மரியாதை இல்லை. உள்ளே பார்த்து, "புவனா, காப்பி கொண்டா கண்ணு," என்றாள்.

பட்டுப்புடவையில் புவனா வந்தாள். காளிச்சாமிக்கும் வந்த மூன்று பேருக்கும் டம்ளரைக் கொடுத்தாள். யாரும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்வையெல்லாம் காளிச்சாமி, டம்ளரைச் சிந்தாமல் பிடிக்கிறாரா என்பதிலேயே இருந்தது.

பெரிய குடும்பம் பெரிய குடும்பந்தான், பொண்ண முறைச்சுப் பாக்கற பழக்கமே இல்ல, என்று குழந்தையம்மாள் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"கண்ணு," என்றாள் கருப்பாத்தாள் புவனாவின் கையைப் பிடித்து. "பெரியவங்கள மொகம் சுளிக்காமப் பாத்துக்குவியா?"

"அதெல்லாம் தங்கமாப் பாத்துக்குவாளுங்க," என்று முந்திக்கொண்டாள் குழந்தையம்மாள். "சமையல்லயும் கொற சொல்ல முடியாது. அரிசியும் பருப்புஞ் சோறு அவ வெச்சாத்தான் இவரு திம்பாரு."

"பருப்பெல்லாம் குடுக்கறீங்களா? செரிக்குதுங்களா?"

"நல்லாச் செரிக்குதுங்க," என்றார் காளிச்சாமி. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம். கருப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று. "அம்மணி, டிவி போடுங்க. இன்னைக்குக் கடசி நாடகம்."

"எங்கூட்டு டிவி மழையாத்தானுங்க வருது. ஒரு வாரமா அப்படித்தான்."

"ஆன்டெனா திரும்பியிருக்குமுங்க அத்தை," என்று எழுந்தான் மதன்குமார். தடுப்பதற்குள் மாடிப்படியில் இருந்தான்.

"வருதுங்களா?" என்று மேலிருந்து குரல்.

"வரலைங்க தம்பி, எறங்கி வந்துருங்க."

"இப்ப?"

"இப்பவும் வரலைங்க."

"வருது, வருது, அப்படியே உடு," என்று கத்தினாள் கருப்பாத்தாள். அந்த டிவி வாங்கிய நாளிலிருந்து அப்படித் தெளிவாகப் படம் வந்ததே இல்லை.

பெரிய டாக்டர் ஏழாம் நம்பர் கட்டிலை நோக்கி நடந்து வந்தார். படம் கட்டிலின் கால்மாட்டில் இருந்து மெல்ல ஆரம்பித்தது. போர்வைக்கு வெளியே, திரையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, கோணிப்போன ரெண்டாவது விரல். அங்கிருந்து கேமரா முழங்கால், வயிறு, மார்பு என்று முகத்தைப் பார்த்து ஊர்ந்தது. டாக்டர் முகமூடியில் கைவைத்தார். கழற்றப்போகிறார்.

குழந்தையம்மாள் முறுக்குத் தட்டோடு போய் டிவிக்கு முன்னால் நின்றாள். "முறுக்கு எடுத்துக்குங்க."

"சித்த தள்ளுங்க அம்மணி."

"வெண்ணெ போட்டுச் சுட்டதுங்க."

கருப்பாத்தாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குழந்தையம்மாளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். திரும்பிக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏதாவது செய்யுங்கள் என்று அதற்கு அர்த்தம். காளிச்சாமிக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். நெஞ்சைப் பிடித்தார், பவானி ஜமக்காளத்தில் மல்லாந்து சாய்ந்தார், கண்ணை மூடினார்.

"ஐயோ, போச்சு," என்றாள் கருப்பாத்தாள். "மதனு, வண்டிய எடு."

டிவியை யாரும் பார்க்கவில்லை. குழந்தையம்மாளுக்கு அரை நிமிஷம் உயிர் வந்தது. அடுத்த நிமிஷம் மூன்று பேரும் சேர்ந்து காளிச்சாமியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி தெளிச்சாச் செரியாயிரும் உடுங்க. அடிக்கடி வாரதுதான்."

"அடிக்கடி வருதுங்களா?" கருப்பாத்தாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

காரில் குழந்தையம்மாள் அவர் காதோரம் குனிந்தாள். "போதுமுங்க. எந்திரிங்க." அசைவில்லை. தொடையில் கிள்ளினாள். நல்ல நடிகர், அசையவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கட்டிலில் போட்டார்கள், முகமூடி வைத்தார்கள், மார்பில் வயர் ஒட்டினார்கள், காற்றுப்படட்டும் என்று கால் கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். குழந்தையம்மாள் கால்மாட்டில் நின்று பார்த்தாள். மூன்று மாதமாக ஊரே பார்த்துக்கொண்டிருந்த அதே படம், அதே விரல்.

டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு. ஏன் கண் முழிக்க மாட்டேங்கறாரு?"

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் அமலி காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள்.

"டாக்டர், இவர் ஆஸ்பத்திரி நாடகத்துல படுத்திருக்கறவரு. ஷூட்டிங்ல ஊசி போடறது எப்படின்னு காட்ட என்னையக் கூட்டிட்டுப் போனாங்களே, அப்பப் பாத்திருக்கேன். கட் சொன்னாலும் எந்திரிக்க மாட்டாரு." கட்டிலுக்குக் குனிந்தாள். "ஐயா, இங்க கேமரா இல்லைங்க. கண்ணத் தொறங்க."

காளிச்சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். எதிரே மனைவி நிற்பதைப் பார்த்து அதையும் மூடிக்கொண்டார்.

கருப்பாத்தாள் வாயில் கை வைத்தபடி நின்றாள். "அப்ப, அது நடிப்புங்களா?"

குழந்தையம்மாளுக்கு இனி மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. கருப்பாத்தாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நடிப்புத்தானுங்க. எனக்கே போன வாரந்தான் தெரியுமுங்க. மீசய எடுத்தது, காலக் கட்டுனது, ஆன்டெனாவத் திருப்புனது எல்லாம் நாந்தான். நாடகத்துல படுக்கறவர் ஊட்டுப் பொண்ணான்னு நெனச்சுப்போடாதீங்க. அவரு செஞ்ச கோமாளித்தனத்துக்கு எம்புள்ள என்னங்க பண்ணுவா? இதுக்காகச் சம்பந்தம் வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

கருப்பாத்தாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். காலையிலிருந்து வாய் திறக்காத சென்னகேசவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பந்தமுங்களா? நாடகத்துல அந்த மீசயப் பாத்ததுமே இவருதான்னு தெரிஞ்சுபோச்சுங்க. நடிக்கறவங்களுக்குப் பொறகால நெசமான பேசண்ட்டாக் கெடக்கறாரு, ஒறம்பரன்னு ஒரு சொந்தம் கூட எட்டிப் பாக்கலியேன்னு மனசு கேக்காம ஒடம்பு விசாரிக்கத்தானுங்க வந்தோம். பையனுக்கு வர்ற தையில பொள்ளாச்சியில கல்யாணமுங்களே."