எட்டாத ஸ்வரம்

மூன்றாவது முறையும் நோரீனின் குரல் அதே இடத்தில் பிசிறியது.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோ கடற்கரை அரங்கில் ஒத்திகை. மூன்று மணிக்கு நிகழ்ச்சி. வருகிற அத்தனை பேரும் ‘உப்புக் காற்று’ என்ற ஒரே பாட்டுக்காகத்தான் வருகிறார்கள். அதிலும் கடைசி அடியில் பட்டம் மாதிரி விர்ரென்று ஏறி நிற்கும் ஒரே ஒரு ஸ்வரத்துக்காக. பத்தொன்பது வயதில் நோரீன் தாக்ரே பாடிய அந்த இசைத்தட்டு ஆறு வாரம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் பாடியது எதுவும் யாருக்கும் நினைவில்லை. இப்போது வயது அறுபத்து மூன்று.

“போன வாரம் பிரிட்லிங்டன் கச்சேரில குரல் உடைஞ்சுது. இன்னிக்கும் உடைஞ்சா இதோட நிறுத்திக்கறேன், லயனல்.”

கீபோர்டு வாசிக்கும் லயனல் அவள் கணவன். “இதுக்குப் போய் ஏன் அலட்டிக்கற? சுருதிய ரெண்டு கட்டை இறக்கிட்டாப் போச்சு.”

இறக்கினான். உச்சம் எட்டியது. பல்லவிதான் பாதாளத்துக்குப் போய்விட்டது.

“கிணத்துல விழுந்தவ ஆள் கூப்பிடற மாதிரி இருக்கு” என்றார் டிரம்ஸ்காரர்.

“சரி, அந்த இடத்த மட்டும் ஜில்லியன் திரைக்குப் பின்னாலேருந்து பாடட்டும்” என்றான் லயனல்.

துணைப் பாடகி ஜில்லியன் மாட்டேன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பாடினாள். அப்பழுக்கில்லாமல் பாடினாள். நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த பெரில் துணியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள்.

“இப்பத்தான் பழைய நோரீன் மாதிரி இருக்கு!”

நோரீன் மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்து ஜில்லியன் அழுதாள். அழுததில் அவள் தொண்டையும் கட்டிக்கொண்டது.

“அப்ப பழைய ரெக்கார்டையே அங்க போட்டுடலாம்” என்றான் லயனல்.

போட்டார்கள். குரலோடு சேர்ந்து வயலின் கூட்டமும் திபுதிபுவென்று வந்தது.

“வாயத் திறந்தா பன்னெண்டு வயலின் வருதே!” என்றார் டிரம்ஸ்காரர்.

அன்று அந்தப் பாட்டைப் பதிவு செய்த டெஸ்மண்ட் பியூ, பக்கத்து ஊர் விட்பியில் ஓய்வாக இருக்கிறார். குரல் மட்டும் இருக்கும் டேப் அவரிடம் இருக்குமே! போன் போட்டார்கள். இரண்டரை மணிக்குக் கைத்தடியோடு வந்து நின்றார். வேறு எதுவும் கொண்டுவரவில்லை.

“டேப் எங்க?”

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றினார். “அதப் போட்டா உனக்குத் தெரிஞ்சுடும். அன்னிக்கு நீ அந்த ஸ்வரத்தப் பாடவேயில்ல, பொண்ணே. உனக்கு எட்டல. முழுப் பாட்டையும் கீழ பாட வச்சு, உனக்குத் தெரியாம டேப்ப வேகமா ஓட்டி மேல ஏத்தினோம்.”

டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

நோரீன் உட்கார்ந்துவிட்டாள். கோடையிலும் ஐஸ்கிரீம் தொடாமல், கழுத்துத்துணி சுற்றாமல் வாசல் தாண்டாமல், மகளின் பிறந்தநாளில்கூட உரக்கச் சிரிக்காமல் காப்பாற்றி வந்த ஸ்வரம். அது அவளுடையதே இல்லையாம்.

மூன்று மணிக்கு மேடையேறினாள். கடைசி அடி வந்தது. அவள் மேலே போகவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலக் கீழேயே மெல்லப் பாடி முடித்தாள். பிறகு கைதட்டல். வழக்கமாக வருவதுதான், குறையவுமில்லை, கூடவுமில்லை.

உள்ளே வந்து டெஸ்மண்டின் அருகில் உட்கார்ந்தாள்.

“நாப்பத்து நாலு வருஷமா ஊர ஏமாத்தியிருக்கேன். நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் உன் முதல் மேடைக்கு ஓடி வந்தேன். அதுக்குள்ள நீ பாட்டுக்கு உன் சொந்தக் குரல்லயே அந்த ஸ்வரத்தப் பாடிக்கிட்டு நின்ன!”