பலாவ் தின்னாத பாட்டனார்

கிஜ்துவான்

அன்புத் தம்பி அஸ்லிதீனுக்கு அண்ணன் ஹோஜிமுரோத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அண்ணியும் ஆடுகளும் இறைவன் அருளால் சுகம். தாஷ்கெண்டில் நீயும் உன் மனைவியும் உன் முதுகுவலியும் எப்படி?

நிற்க. நம் பாட்டனாரான சூஃபி ஞானியைப் பற்றி நீ எழுதிய நாவல் வந்தாலும் வந்தது, என் வயிற்றில் அடித்துவிட்டது. நாம் பள்ளியில் படித்த சோவியத் காலத்து நாவல்களில் சூஃபி என்றால் தொந்தியும் திருட்டு முழியுமாக ஏழையின் கழுதையைப் பிடுங்குகிறவர். என்னைக்கூட ‘கழுதைக் கள்ளன் பேரன்’ என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். இப்போது உன்னைப் போன்ற எழுத்தாளர்கள் எழுதுகிற சூஃபிகளோ காற்றைக் குடித்துப் பெருமூச்சு விடுகிறார்களாம். போன வெள்ளி சோபிர் வீட்டுக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் ஆட்டுக்கறி போட்ட பலாவ் வந்தது, எனக்கு வெறும் பச்சைத் தேநீர்.

“ஏம்ப்பா சோபிர், எனக்கு?”

“சும்மா இருங்கண்ணே. உங்க பாட்டனார் கறியையே தொட்டதில்லையாமே, தம்பி எழுதியிருக்காராமே. உங்களுக்கு வச்சு அந்தப் பாவத்த நான் சுமக்கவா?”

வீட்டுக்கு வந்து முறையிட்டால் உன் அண்ணி, “அந்த மகான் பொண்டாட்டிய ஒரு வார்த்தை அதட்டினதில்லையாம். நீங்களும் பேசாம தொழுவத்தக் கூட்டுங்க” என்கிறாள். பக்கத்துத் தெருக்காரி நோய்ப்பட்ட பசுவைக் கொண்டுவந்து ஓதி ஊதச் சொன்னாள். எனக்குத் தும்மல் வந்துவிட்டது, பசு எழுந்து நின்றுவிட்டது, இப்போது வாசலில் ஒரே மாட்டுக் கூட்டம்.

தம்பி, அத்தை சொன்ன பாட்டனார் இவரில்லையே. அவர் தறியில் உட்கார்ந்தபடியே தியானம் செய்தவர், ஆட்டு வால்கொழுப்புக்காகப் பாட்டியோடு சண்டை போட்டுத் தோற்றவர், தன்னைப் பிடித்துப்போக வந்த சோவியத் சிப்பாய்களிடம் “குளிர்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போவோம்” என்று தட்டு வைத்தவர். அன்று போனவர் திரும்பி வரவில்லை. அவரைத் திருடனாகவும் பார்த்தாயிற்று, தேவதையாகவும் பார்த்தாயிற்று. மனுஷனாக எழுத ஒருவருக்கும் கை வராதா? அடுத்த பதிப்பில் திருத்தாவிட்டால் நான் உன் அண்ணனே இல்லை.

உன் வீட்டுச் சட்டி என்றும் காலியாகாதிருக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தம்.

ஹோஜிமுரோத்

பி.கு: உறையை ஒட்டும்போது உன் அண்ணி, “புத்தகத்தப் படிச்சீங்களா?” என்று கேட்டுத் தொலைத்தாள். உட்கார்ந்து படித்தேன். முதல் அத்தியாயத்திலேயே மனுஷர் வால்கொழுப்பு ஒட்டிய விரலைச் சப்பிக்கொண்டு பாட்டியிடம் திட்டு வாங்குகிறார். சிப்பாய்கள் வரும் இடத்தில் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாயிற்று. நேரே சோபிரிடம் போய், “கறி தொடாதது எந்தப் பக்கத்துலப்பா?” என்றேன். “நான் எங்கண்ணே படிச்சேன்? அட்டையில ஒல்லியா இருந்தாரு” என்றான். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடு. அட்டையை மட்டும் மாற்று.