வால்வுக்காரர் வாங்கிய வெள்ளை வண்டி

கியர் இல்லாத வண்டி இந்த வாசலுக்குள் வராது என்று வால்வுக்காரர் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தீர்மானம் போட்டார். தீர்மானம் போடும்போது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிடுவார். அதனால் அது பேச்சுவாக்கில் வந்ததில்லை, தீர்மானம்தான் என்று வீட்டில் புரிந்துகொண்டார்கள். வீட்டில் என்றால் அவர் மனைவி. வேறு யாரும் இல்லை.

வால்வுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். குடிநீர் நிலையத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் போய் அவர் வால்வில் இரும்புச் சாவியைப் போட்டுத் திருகினால்தான் பாதி ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரும். திருகித் திருகி அவருக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எதுவானாலும் தன் கையால் திறக்க வேண்டும், தன் கையால் மூட வேண்டும். வீட்டில் அப்படி அவர் கைக்குள் இருந்தது ஒன்றே ஒன்று, கார். அதையும் துரு தின்றுவிட்டது. உட்கார்ந்தபடியே காலடியில் ரோட்டைப் பார்க்கலாம் என்ற நிலை வந்ததும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. இப்போது இன்னொரு பழைய கார் தேடுகிறார்.

மனைவிக்கு ஓர் அக்கா உண்டு. தனிக்கட்டை. சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது நடந்து போகிறவள், வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். பஸ் மாறி வேறு வர வேண்டும். கார் இருந்த காலத்தில் வால்வுக்காரர் இரண்டொரு தடவை கூட்டிப்போனார். பிறகு ஷிப்ட் என்றார், முதுகு என்றார், அடுத்த வாரம் பார்ப்போம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்த வாரத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மனைவிக்கு ஓட்டத் தெரியாது. எப்போதோ கற்றுக்கொடுக்கிறேன் என்று அவளை உட்கார வைத்தார். நாற்சந்தி நடுவில் கிளட்சை விட்டு வண்டியை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில், இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவள்தான். அதற்குப் பிறகு அந்தச் சீட்டில் உட்காரவில்லை. கியர் இல்லாத வண்டியில் கிளட்ச் கிடையாது. இரண்டே மிதி. அப்படி ஒன்று வந்தால் அவள் ஓட்டிவிடுவாள் என்பது வால்வுக்காரர் மனசுக்குள் பூட்டி வைத்திருந்த காரணம். வாய்விட்டுச் சொன்ன காரணங்கள் வேறு.

"ஆட்டோமேட்டிக்ல கியர்பாக்ஸ் போச்சுன்னா முடிஞ்சுது. வண்டி விலையை ரிப்பேர் தின்னுடும்."

"ஆமாங்க" என்றாள் மனைவி.

"மேட்டுல இழுக்காது."

"இழுக்காதுங்க."

"பெட்ரோலைக் குடிக்கும்."

"குடிக்கும். பேசாம கியர் வண்டியே வாங்குங்க."

வால்வுக்காரருக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பழக்கம். எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் மனைவி என்ன நினைக்கிறாள் என்று கேட்பார். கேட்டுவிட்டு அதற்கு நேர் எதிராக வாங்குவார். துணி துவைக்கிற மெஷின் அப்படி வந்ததுதான். கட்டிலும் அப்படித்தான், சுவருக்கு அடித்த பெயின்டும் அப்படித்தான். எல்லாம் நன்றாகவே அமைந்தன. எல்லாமே மனைவிக்குப் பிடித்தபடி அமைந்ததை மட்டும் அவர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில்லை.

"நீ ஏன் கியர் வண்டிங்கற?"

"உங்களுக்குப் பழகினது. இந்த வயசுல புதுசாக் கத்துக்கிட்டு எதுக்கு அவஸ்தை?"

"எந்த வயசுல?"

"சரி, வயசை விடுங்க. அது நுணுக்கமான வண்டியாம். பெரிய பெரிய எஞ்சினியருங்க ஓட்டறதாம்."

"ஊருக்கே தண்ணி விடறவனுக்கு ரெண்டு மிதி மிதிக்கத் தெரியாதா?"

"தெரியாதுன்னா சொன்னேன்? வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்கும் அதைக் கண்டா பயம். பிரேக்கை விட்டா தானா நகருமாமே. நான் அந்தச் சீட்டுப் பக்கமே வர மாட்டேன்."

வால்வுக்காரர் தட்டை நகர்த்தி வைத்தார். பூட்டி வைத்த காரணம் அந்த ஒரு வார்த்தையில் கழன்று விழுந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து இருவரும் பழைய கார் விற்கிற புரோக்கர் ஒருவரின் கொட்டகைக்குப் போனார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கியர் வண்டி நின்றது. பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு ஆட்டோமேட்டிக். மனைவி நேராகப் போய்ச் சாம்பல் வண்டியின் முகப்பைத் தடவிக்கொடுத்தாள். மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

வால்வுக்காரர் வெள்ளை வண்டியிடம் போனார். கியர்பாக்ஸ் எண்ணெய் அளக்கிற குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். கருகல் வாசனை இல்லை.

"இது கறுத்துக் கருகியிருந்தா தொடவே கூடாது" என்று புரோக்கருக்கே சொல்லிக்கொடுத்தார்.

"அப்படிங்களா" என்றார் புரோக்கர், இருபது வருஷமாக அதே தொழிலில் இருப்பவர்.

கையெழுத்தாகும்வரை வண்டியைப் புரோக்கர்தான் ஓட்டுவார். அது அந்தக் கொட்டகைச் சட்டம். வால்வுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது உலுக்கல் இல்லை. மேட்டில் திணறல் இல்லை. குழாய்க்குள் காற்று அடைத்தால் எப்படிச் சத்தம் வரும் என்று அறிந்த காது, ஒன்றும் குறை சொல்லவில்லை.

"வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க" என்றாள் மனைவி, அவர் இறங்கியதும். "சாம்பல் வண்டிதான் உங்களுக்கு லாயக்கு."

அந்த 'லாயக்கு' போதுமானதாக இருந்தது. வால்வுக்காரர் பேனாவைக் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்று மனைவி பெருமூச்சு விட்டாள். "நான் சொல்லி எதை வாங்கியிருக்கீங்க?"

வெற்றியோடு கிளம்பியவர் முதல் திருப்பத்திலேயே திகைத்துப்போனார். கியர் வண்டியில் இடது கால் கிளட்சை ஓங்கி மிதித்துப் பழகிய கால். இந்த வண்டியில் அந்த இடம்வரைக்கும் அகலமாக நீண்டிருந்தது பிரேக். வேகம் குறைக்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் கால் அவரைக் கேட்காமல் போய் அதை மிதித்தது. வண்டி ஆணி அடித்து வைத்த மாதிரி நின்றது.

"பெல்ட் போட்டது நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி.

மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் கால் போயிற்று. அடுத்தது நாற்சந்தி. அங்கே அவர் மிதித்த மிதியில் பின்னால் வந்த வேன் கீச்சென்று நின்றது. ஒரு சாண் இடைவெளி. வேன்காரர் திட்டக்கூட இல்லை, இறங்கி வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அது திட்டைவிட மோசம்.

"ஓரமா நிறுத்திட்டு இந்தப் பக்கம் வந்து உட்காருங்க" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இடம் மாறினார்கள். அவள் சீட்டை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைத் திருத்தினாள். இடது காலைப் பின்னுக்கு இழுத்து மடக்கி வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது.

வால்வுக்காரர் குனிந்து அவள் கால்களைப் பார்த்தார்.

"எப்பக் கத்துக்கிட்ட?"

"நீங்க வேலை முடிஞ்சு வந்து மத்தியானம் தூங்கறீங்களே, அப்ப."

"யார்கிட்ட?"

"டிரைவிங் ஸ்கூல்ல. ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டலாம்னு லைசென்ஸ் கொடுத்திருக்காங்க. கியர் வண்டியைத் தொடக் கூடாதாம்."

வால்வுக்காரர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. அவள் திரும்பவில்லை.

"வீடு அந்தப் பக்கம்."

"தெரியும். இன்னிக்கு அக்காவுக்கு ஆஸ்பத்திரி நாள்."

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் பை. மெலிந்துபோன மணிக்கட்டில் கட்டுத் துணி. வண்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வால்வுக்காரர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வாங்க தம்பி. வெள்ளை வண்டி, கியர் இல்லாதது, குலுங்காது, அதுல வரோம்னு காலையிலயே போன்ல சொன்னா."

"காலையிலயேவா?"

காலையில் அவர்கள் கொட்டகைக்குக் கிளம்பியிருக்கவே இல்லை; வெள்ளை வண்டியை அவர் பார்த்திருக்கவும் இல்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி" என்றாள் அக்கா. "எனக்குத் தலை சுத்தும். முன்சீட்டுல சாஞ்சு உட்கார்ந்தாத்தான் ஆகும்."

வால்வுக்காரர் இறங்கினார். அக்காவின் கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். பிறகு பின்சீட்டில் ஏறி, அவள் கொடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கதவை மெதுவாச் சாத்துங்க" என்றாள் மனைவி, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து. "எங்களுக்கு இந்த வண்டி ரொம்ப நாளைக்கு வேணும்."